ஃபோல்க்ஸ்ஷூலே என்றால் தொடக்கப் பள்ளியா?

நீங்கள் கேட்டிருப்பது, பார்த்த மாத்திரத்தில், ஒரு சொல்லுக்குப் பொருள். நாத்தனாரின் ஜெர்மன் கணவர் வீட்டில் அவருடைய தாத்தாவைப் பற்றி எழுதிவைத்த குறிப்பைத் தமிழில் தருகிறீர்கள். 1923இல் டார்ட்முண்ட் அருகே பிறந்தவர், 1929 ஈஸ்டரில் ஃபோல்க்ஸ்ஷூலேயில் சேர்ந்தார், 1937 ஈஸ்டரில் அங்கிருந்து வெளியே வந்து ஃபிட்டர் வேலை பழகப் போனார். அகராதி அந்தச் சொல்லுக்குத் ‘தொடக்கப் பள்ளி’ என்கிறது. அதே வீட்டுப் பிள்ளைகள் இன்று போகும் குருண்ட்ஷூலேக்கும் அதே ‘தொடக்கப் பள்ளி’தான் போட்டிருக்கிறது, ஆனால் அது நான்கே வருடம். அப்படியானால் தாத்தா எட்டு வருடம் அங்கே என்ன செய்தார், ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டிரண்டு வருடம் உட்கார்ந்தாரா என்று வேடிக்கையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் சரியான கேள்வி. ஜெர்மன் சான்றிதழ்களையும் குடும்ப ஆவணங்களையும் நெடுங்காலமாக மொழிபெயர்த்து வருகிறேன். இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழாதவர்கள் குறைவு.

முதலில் தாத்தாவின் மானத்தைக் காப்பாற்றிவிடுவோம். அவர் தோற்கவில்லை. அன்று ஃபோல்க்ஸ்ஷூலே என்பதே எட்டு வருடப் பள்ளிதான். ஆறு வயதில் நுழைந்து பதினான்கு வயதில் வெளியே வருவார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த ஜெர்மன் குடியரசின் சாசனமான 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு, 145ஆம் பிரிவில், ஃபோல்க்ஸ்ஷூலே குறைந்தது எட்டு வருடம் இருக்க வேண்டும் என்றும், பாடமும் படிப்புக்கு வேண்டிய பொருள்களும் இலவசம் என்றும் சொல்கிறது. அதன் பிறகு பதினெட்டு வயது வரை வேலையோடு சேர்ந்த தொடர்கல்விப் பள்ளி. ஆக அந்தத் தாத்தாவின் கணக்கு நேராக இருக்கிறது: எட்டு வருடப் பொதுப்பள்ளி, அப்புறம் தொழில் பழகுதல். அந்தக் காலத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பையனுக்கு இதைவிட வழக்கமான பாதை கிடையாது.

‘தொடக்கப் பள்ளி’ என்று போட்டால் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார் என்று நினைப்பார். பத்து வயதில் பட்டறைக்குப் போன ஏழைச் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வார். குறிப்பில் இல்லாத ஒரு சோகக் கதை அங்கே முளைத்துவிடும். அகராதிகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் ‘எலிமெண்டரி ஸ்கூல்’ என்று எழுதுவது பழைய வழக்கம், அந்த ஆங்கிலச் சொல்லும் ஒரு காலத்தில் எட்டு வருடப் பள்ளியைக் குறித்தது. ஆங்கிலச் சொல்லின் இன்றைய பொருளை எடுத்துத் தமிழில் ஊற்றும்போதுதான் மூன்று வருடம் காணாமல் போகிறது.

ஃபோல்க் என்றால் மக்கள், ஜனங்கள். ஷூலே பள்ளி. மக்கள் பள்ளி என்பது நேர்ப்பொருள். ‘ஃபோல்க்’ என்று கண்டதும் இது ஹிட்லர் காலத்துச் சொல்லோ என்று சிலருக்குச் சந்தேகம் வரும். இல்லை. ஆஸ்திரியாவில் 1869இல் வந்த பள்ளிச் சட்டத்தின் பெயரிலேயே ஃபோல்க்ஸ்ஷூலே இருக்கிறது. ஆனால் ‘மக்கள்’ என்பதற்குள் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் இந்தப் பள்ளிப் பக்கமே வராமல் படித்து முடிக்க வழி இருந்தது. கிம்னாசியம் என்னும் மேல்நிலைப் பள்ளிகளோடு ஒட்டியே கட்டணம் வாங்கும் ஃபோர்ஷூலேக்கள் இருந்தன. மூன்று வருடம் அங்கே படித்துவிட்டு நேராகக் கிம்னாசியத்துக்குள் நுழையலாம். அங்கிருந்து பல்கலைக்கழகம். ஆக ஃபோல்க்ஸ்ஷூலே என்பது படிக்கட்டின் முதல் படியாக இருக்கவில்லை, பெரும்பாலான ஜனங்களுக்கு அதுவே முழுப் படிக்கட்டு. ஒருவரைப் பற்றி ‘ஃபோல்க்ஸ்ஷூலே படித்தவர்’ என்று எழுதினால், எத்தனை வருடம் படித்தார் என்பதோடு எந்தத் தட்டிலிருந்து வந்தார் என்பதும் சேர்ந்தே தெரிந்தது. (இன்று ஃபோர்ஷூலே என்றால் பள்ளிக்கு முந்தைய வகுப்பு. பழைய குறிப்பில் அந்தச் சொல் வந்தால் பாலர் வகுப்பு என்று போட்டுவிடாதீர்கள்.)

குருண்ட்ஷூலே எங்கே வருகிறது என்றால், இந்தப் பிரிவினையை அழிக்கத்தான் வருகிறது. குருண்ட் என்பது அடித்தளம். அதே வைமார் அரசியலமைப்பின் 146ஆம் பிரிவு, எல்லாருக்கும் பொதுவான ஒரு குருண்ட்ஷூலேயின் மேல்தான் நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் எழும்ப வேண்டும் என்றது. 1920 ஏப்ரலில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஃபோல்க்ஸ்ஷூலேயின் முதல் நான்கு வருடங்கள் இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது, அந்தப் பகுதிக்குப் பெயர் குருண்ட்ஷூலே, ஃபோர்ஷூலேக்கள் படிப்படியாக மூடப்பட வேண்டும். வக்கீல் மகனும் சுரங்கத் தொழிலாளி மகனும் நான்கு வருடமாவது ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். வசதியானவர்களிடமிருந்து எதிர்ப்பு வராமலா இருக்கும், வந்தது. மூடும் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆனால் அடிப்படை நின்றது.

இதை அந்தத் தாத்தாவின் வருடங்களோடு பொருத்திப் பாருங்கள். 1929இல் சேர்ந்த அவர், 1933 வரை படித்தது சட்டப்படி குருண்ட்ஷூலே. அதற்கு மேல் நான்கு வருடம் ஃபோல்க்ஸ்ஷூலேயின் மேல்பிரிவு. இரண்டும் ஒரே கட்டடம், ஒரே தலைமையாசிரியர். பத்து வயதில் கூடப்படித்த சிலர் கிம்னாசியத்துக்கோ நடுநிலைப் பள்ளிக்கோ பிரிந்து போயிருப்பார்கள். அவர் இருந்த இடத்திலேயே தொடர்ந்தார். அதனால்தான் குடும்பத்தார் குருண்ட்ஷூலே என்று தனியாக எழுதாமல், எட்டு வருடத்துக்கும் சேர்த்து ஃபோல்க்ஸ்ஷூலே என்ற ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு சொற்களுக்கும் உள்ள உறவு இதுதான்: ஒன்று முழுப் பள்ளி, மற்றது அதற்குள் ஒரு பகுதி. ஒத்த பொருள் சொற்கள் என்று அகராதி காட்டுவது பாதி உண்மை.

பிறகு எப்படி ஒன்று மறைந்து மற்றது மட்டும் நின்றது என்பதற்கு மேற்கு ஜெர்மனியில் தெளிவான தேதி இருக்கிறது. பள்ளிக் கல்வி அங்கே மாநிலங்களின் அதிகாரம். அந்த மாநிலங்களெல்லாம் 1964 அக்டோபரில் ஹாம்பர்க்கில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கட்டாயக் கல்வி ஒன்பது வருடம், கீழ்ப்பகுதி குருண்ட்ஷூலே, அதிலிருந்து தொடரும் மேல்பகுதி ஹவுப்ட்ஷூலே என்று பெயர்கள் பிரிந்தன. ஃபோல்க்ஸ்ஷூலே மெல்ல வழக்கொழிந்தது. அந்தச் சமயத்தில்தான் கல்வியாண்டின் தொடக்கத்தையும் ஈஸ்டர் காலத்திலிருந்து கோடைவிடுமுறைக்குப் பின்னால் தள்ளினார்கள். அதற்காகப் பல மாநிலங்கள் 1966, 1967இல் இரண்டு குறும்பள்ளியாண்டுகளை நடத்தின. அந்த வருடச் சான்றிதழ்களில் ஒரே காலண்டர் வருடத்துக்குள் ஒருவர் ஒரு வகுப்பை முடித்து அடுத்ததற்குப் போயிருப்பார். பார்த்ததும் போலிச் சான்றிதழ் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு, அது போலியில்லை.

சொல் முழுதாகச் சாகவில்லை. ஜெர்மனியின் புள்ளிவிவர அட்டவணைகளில் வயதானவர்களின் கல்வித்தகுதிக்கு ‘ஹவுப்ட் (ஃபோல்க்ஸ்) ஷூலே முடிப்பு’ என்று ஒரு கட்டம் இன்றும் இருக்கிறது. ஃபோல்க்ஸ்ஷூலே முடித்தவரை குருண்ட்ஷூலே முடித்தவரோடு வைக்காமல் ஹவுப்ட்ஷூலே முடித்தவரோடுதான் வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஜெர்மானியர்களே அந்தச் சொல்லை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. குருண்ட்ஷூலே முடித்தேன் என்பதை அங்கே யாரும் தகுதியாக எழுதவே மாட்டார்கள்.

இதுவரை சொன்னது ஜெர்மனி, அதுவும் மேற்குப் பகுதி. எல்லையைத் தாண்டினால் அதே எழுத்துக்கள் வேறு பொருள் தரும். ஆஸ்திரியாவில் இன்றும் ஃபோல்க்ஸ்ஷூலே உயிரோடு இருக்கிறது, ஆனால் அது ஆறிலிருந்து பத்து வயது வரையிலான நான்கு வருடப் பள்ளி. அங்கே ‘தொடக்கப் பள்ளி’ என்று தாராளமாகப் போடலாம், இன்றைய ஆவணமாக இருந்தால். பழையதாக இருந்தால் கூடாது, ஏனென்றால் 1869 சட்டம் கட்டாயக் கல்வியை எட்டு வருடமாக்கியது. பெரிய ஊர்களில் ஐந்து வருடம் ஃபோல்க்ஸ்ஷூலே, மூன்று வருடம் ப்யூர்கர்ஷூலே என்று பிரித்துப் படிக்கலாம். கிராமத்தில் எட்டும் ஒரே இடத்தில்தான். தத்துவவாதி விட்கன்ஸ்டைன் விஷயத்தில் இந்தக் குழப்பத்தை நேராகப் பார்க்கலாம். அவர் 1920 முதல் 1926 வரை கீழ் ஆஸ்திரியாவின் டிராட்டன்பாக், புக்பர்க், ஓட்டர்தால் போன்ற ஊர்களில் ‘தொடக்கப் பள்ளி ஆசிரியராக’ இருந்தார் என்று எழுதுகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார் போலும் என்ற எண்ணம் வருகிறது. பிறகு அதே கட்டுரையில் அவர் அல்ஜீப்ரா நடத்தினார், அவர் அடித்து மயங்கி விழுந்த பையனுக்கு 11 வயது என்றெல்லாம் வரும்போது வாசகர் விழிக்கிறார். அவர் 1926இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு அகராதியின் தலைப்பே ‘ஃபோல்க்ஸ்ஷூலேக்களுக்கான அகராதி’ என்பதுதான். தாமாகவே எழுதி, தாமாகவே பிழை திருத்திக்கொள்ளும் வயதுப் பிள்ளைகளுக்கானது அது.

சுவிட்சர்லாந்தில் சொல் எதிர்த்திசையில் போயிருக்கிறது. அங்கே ஃபோல்க்ஸ்ஷூலே என்பது கட்டாயக் கல்வி முழுவதற்கும் பெயர். சூரிச் மாநிலத்தில் இரண்டு வருடக் கிண்டர்கார்ட்டன், ஆறு வருட ப்ரிமார்ஷூலே, மூன்று வருட செகுண்டார்ஷூலே, ஆக மொத்தம் 11 வருடம். அங்குள்ள ஈழத்தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஃபோல்க்ஸ்ஷூலே பற்றி மாநிலக் கல்வித்துறையிலிருந்து கடிதம் வந்தால், ‘இது சின்ன வகுப்புக்காரருக்கு, என் மகள் செகுண்டார்ஷூலே போகிறாள்’ என்று ஓரமாக வைத்துவிடக் கூடாது. அவளுக்கும் சேர்த்துத்தான். தொடக்கப் பள்ளியை மட்டும் சொல்ல அங்கே ப்ரிமார்ஷூலே இருக்கிறது. இன்னொன்று, மதிப்பெண். ஜெர்மனியில் 1 சிறந்தது, 6 மோசமானது. சுவிட்சர்லாந்தில் தலைகீழ், 6தான் உச்சம். ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாட்டுக் கண்ணோடு பார்த்தால் கெட்டிக்காரப் பிள்ளையை வீட்டில் திட்டு வாங்க வைத்துவிடுவோம்.

கிழக்கு ஜெர்மனி இன்னும் விசித்திரம். போருக்குப் பின் சோவியத் ஆதிக்கத்தில் இருந்த அந்தப் பகுதியில் 1946இல் வந்த சட்டம் பழைய பிரிவினைகளை எல்லாம் கலைத்து எட்டு வருடப் பொதுப்பள்ளி ஒன்றை உண்டாக்கியது. அதற்கு வைத்த பெயர் குருண்ட்ஷூலே! அதாவது மேற்கில் நான்கு வருடத்தைக் குறித்த சொல் கிழக்கில் எட்டு வருடத்தைக் குறித்தது. 1959இல் அதையும் மாற்றி, பத்து வருடப் பல்தொழில்நுட்ப ஓபர்ஷூலே என்று ஆக்கினார்கள். ஓபர் என்றால் மேல். ஆறு வயதுக் குழந்தை முதல் நாளே ‘மேல்நிலைப் பள்ளி’க்குப் போனது. இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கு மாநிலங்கள் பெரும்பாலும் நான்கு வருடக் குருண்ட்ஷூலேக்குத் திரும்பின. பிராண்டன்பர்க் மட்டும், பெர்லினைப் போல, ஆறு வருடம் வைத்துக்கொண்டது. ஆகவே இன்றைய குருண்ட்ஷூலே என்றால் நான்கு வருடம் என்று நீங்கள் எழுதியதிலும் ஒரு சின்னத் திருத்தம்: பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு. இத்தாலியின் தென் டிரோலில் ஜெர்மன் பேசுகிறவர்களுடைய குருண்ட்ஷூலே ஐந்து. சொல்லை மட்டும் பார்த்து வருடத்தைச் சொல்லவே முடியாது. ஊர், ஆண்டு இரண்டும் வேண்டும்.

இன்றைய குருண்ட்ஷூலேயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, வீட்டிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: அதை நம் ஊர்த் தொடக்கப் பள்ளியைப் போல ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாரும் விடுவதில்லை. நான்காம் வகுப்பு முடிவில் பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற பரிந்துரை வரும். பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புற அறிவு ஆகிய மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால்தான் நேரடியாகக் கிம்னாசியம். பத்து வயதில் இப்படிப் பிரிப்பது சரியா என்று அங்கே நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் சீக்கிரம் என்றுதான் சொல்வேன். ஆனால் அது உங்கள் கேள்வி இல்லை.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். தமிழ்நாட்டு நிர்வாக வழக்கில் 1 முதல் 5 வரை தொடக்கப் பள்ளி, 1 முதல் 8 வரை இருந்தால் நடுநிலைப் பள்ளி. வருடக் கணக்கில் தாத்தாவின் பள்ளிக்கு நெருங்கியது நடுநிலைப் பள்ளிதான். ஆனாலும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் ஜெர்மனியிலேயே மிட்டல்ஷூலே என்று நேராக ‘நடுநிலைப் பள்ளி’ என்று பொருள்படும் வேறு பள்ளி இருந்தது. இரண்டும் ஒரே குறிப்பில் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நம் தாத்தா பாட்டிகளின் ‘எட்டாங்கிளாஸ் இ.எஸ்.எல்.சி.’ நினைவிருக்கிறதா? சென்னை மாகாணத்து ஹையர் எலிமெண்டரி பள்ளியில் எட்டு வரை படித்து, அந்தத் தேர்வை எழுதி, அதோடு வேலைக்குப் போனவர்கள். பெரியவர்கள் யாருக்காவது வாய்மொழியாக விளக்க வேண்டியிருந்தால் அதைச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். எழுத்தில் நான் போடுவது ‘எட்டாண்டுப் பொதுப்பள்ளி’ அல்லது, முதல்முறை வரும்போது, ‘ஃபோல்க்ஸ்ஷூலே எனப்பட்ட எட்டாண்டு மக்கள் பள்ளி’ என்று. அதற்குப் பிறகு ஃபோல்க்ஸ்ஷூலே என்றே விட்டுவிடலாம். குடும்ப வரலாற்றில் ஓர் அந்நியச் சொல் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. இன்றைய பேரப்பிள்ளைகளுக்குத் தயங்காமல் ‘தொடக்கப் பள்ளி’.

நீங்கள் தந்த விவரத்திலிருந்து எது உறுதி, எது இல்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். டார்ட்முண்ட் அன்று ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவில், அதன் வெஸ்ட்ஃபாலியா மாகாணத்தில் இருந்தது, ஆண்டுகள் 1929 முதல் 1937. எனவே எட்டு வருடக் கட்டாயக் கல்வியை அவர் நிறைவேற்றினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசி வகுப்பு வரை ஏறினாரா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கட்டாயக் கல்வியை வருடக் கணக்கில்தான் பார்த்தார்கள், வகுப்புக் கணக்கில் அல்ல. ஒரு வருடம் தங்கியவர்களும் பதினான்கு வயதானதும் ஆறாவது ஏழாவது நிலையிலிருந்தே வெளியே போனார்கள். அவர் கெட்டிக்காரரா என்பதும் தெரியாது. கிம்னாசியம் போகாததைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள். அங்கே கட்டணம் இருந்தது, சம்பாதிக்கத் தொடங்கும் வயது பல வருடம் தள்ளிப்போகும். எத்தனையோ நல்ல தலைகள் ஃபோல்க்ஸ்ஷூலேயோடு நின்றன.

விடுகைச் சான்றிதழ் பெட்டியில் எங்காவது இருக்கிறதாம், தேடுகிறார்கள் என்றீர்கள். கிடைத்தால் மூன்று இடத்தில் நிதானியுங்கள். ‘மூன்று வகுப்புப் பள்ளி’, ‘ஒரு வகுப்புப் பள்ளி’ என்ற அடைமொழி இருந்தால் அது படித்த வருடம் அல்ல, பள்ளியில் இருந்த வகுப்புப் பிரிவுகளின் எண்ணிக்கை. ஒரு வகுப்புப் பள்ளியில் எட்டு வருடப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். அடுத்து, ‘முதல் வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று கண்டால் பதறாதீர்கள். பழைய பிரஷ்ய வழக்கில் வகுப்புகளை மேலிருந்து கீழாக எண்ணினார்கள், முதல் வகுப்புதான் உச்சி வகுப்பு. அப்படி இருந்தால் மேலே சொன்ன சந்தேகமும் தீர்ந்தது, கடைசி வரை ஏறியிருக்கிறார். மூன்றாவது, பெயரில் ‘கத்தோலிக்க’ அல்லது ‘எவங்கெலிக்க’ (புராட்டஸ்டண்ட்) என்று இருந்தால் திருச்சபை நடத்திய தனியார் பள்ளி என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பகுதியில் அரசுப் பள்ளிகளே மதப்பிரிவுவாரியாக இருந்தன, இன்றும் சில அப்படி உண்டு. கையெழுத்து அன்றைய ஸூட்டர்லின் எழுத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பிரஷ்யப் பள்ளிகளில் 1915 முதல் சொல்லித்தரப்பட்ட அந்த எழுத்தை இன்றைய ஜெர்மன் இளைஞர்களாலேயே படிக்க முடியாது, நாத்தனார் கணவர் கைவிரித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசி வரியில், 1950களில் அவர் மாலையில் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேக்குப் போய்த் தொழில்நுட்ப வரைபடம் கற்றார் என்று வருகிறதே, அதை ஃபோல்க்ஸ்ஷூலேயோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஹோக்ஷூலே என்பதைப் பிடித்துக்கொண்டு ‘பல்கலைக்கழகம்’ என்றும் போட வேண்டாம். அது வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஊராட்சி, நகராட்சி ஆதரவில் மாலை வகுப்புகள் நடத்தும் மையம். இன்று ஜெர்மனிக்குக் குடியேறும் நம்மவர்களில் பலர் மொழி கற்பதும் அங்கேதான். ‘முதியோர் கல்வி’ என்றால் நமக்கு எழுத்தறிவு இயக்கம்தான் நினைவுக்கு வரும் என்பதால், ‘பெரியவர்களுக்கான நகராட்சி மாலைக் கல்லூரி’ என்று நான் போடுவேன்.